சீபேப் மாஸ்க் பழகும் நாட்களில் ஒரு துணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்கத்தில் மூச்சு எப்படிப் போகிறது என்று பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி முடிந்து, "இனி சீபேப் மிஷின் வைத்துத்தான் தூங்க வேண்டும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பக்கம். தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் மாஸ்க் வழியாகக் காற்று தரும் அந்த மிஷினோடு ஏற்கெனவே வாழ்கிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு எப்படித் துணை நிற்கலாம் என்பது பற்றி எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நானும் சில வருடங்களாக மாஸ்க் போட்டுத்தான் தூங்குகிறேன். புதியவர்களோடு உட்கார்ந்து பேசுவது இப்போது என் வழக்கமான வேலைகளில் ஒன்று.

ஸ்லீப் அப்னியா என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. உடம்பில் என்னதான் நடக்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது. 10 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அது அப்னியா. முழுதாக நிற்காமல் பாதியாகக் குறைவதும் கணக்கில் வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை உலுக்கி எழுப்பும், பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. எழுந்தது உங்களுக்கு நினைவிருக்காது. காலையில் தலைபாரமும் பகல் முழுக்க அசதியும்தான் மிஞ்சும்.

ரிப்போர்ட்டில் ஏ.எச்.ஐ. என்று ஒரு எண் இருக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதுதான் அது. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம். சீபேப் மிஷின் மெல்லிய காற்றழுத்தத்தால் அந்தப் பாதையை ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கிறது. வேறு மாயம் எதுவும் அதில் இல்லை.

நமக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இந்தியாவில் வேலை செய்யும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று மதிப்பிட்டது.

"துணை" என்று நீங்கள் சொல்வது யாரை?

உங்களைப் போலவே இந்த நோய் வந்து, இதே மிஷினை வைத்துத் தூங்கப் பழகிக்கொண்ட ஒருவரை. டாக்டரும் கிடையாது, கடைக்காரரும் கிடையாது. முதல் சில வாரங்கள் உங்களோடு போனில் பேசுவார், முடிந்தால் நேரில் வந்து மாஸ்க்கைப் பார்ப்பார். சில ஊர்களில் இது மாதாந்திரக் கூட்டமாக நடக்கும். சில இடங்களில் ஒருவருக்கு ஒருவர் என்று ஜோடி சேர்த்துவிடுவார்கள். இரண்டுக்கும் பயன் உண்டு. ஆனாலும் ஆரம்பத்தில் இருப்பவருக்கு ஜோடிதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குகிறவர்தான் பெரும்பாலும் மிஷினை அலமாரியில் ஏற்றிவிடுகிறார்.

டாக்டர் இருக்கிறார், டெக்னீஷியன் இருக்கிறார். இன்னொரு நோயாளி எதற்கு?

டாக்டர் நோயைக் கண்டுபிடிக்கிறார், அழுத்தத்தை முடிவு செய்கிறார். டெக்னீஷியன் மிஷினை செட் செய்து, மாஸ்க் அளவெடுத்து, கால் மணி நேரம் சொல்லிக் கொடுக்கிறார். அவர்கள் வேலையை அவர்கள்தான் செய்ய முடியும். ஆனால் பிரச்சினை வருவது ராத்திரி இரண்டு மணிக்கு. மாஸ்க் விலகிக் கண்ணில் காற்று அடிக்கிறது, பக்கத்தில் குழந்தை தூங்குகிறது, லைட் போட முடியாது, கழற்றி எறியத் தோன்றுகிறது. அடுத்த அப்பாயின்ட்மென்ட் ஒரு மாதம் கழித்து. அந்த ஒரு மாதத்தில் பலர் மிஷினை விட்டுவிடுகிறார்கள். டாக்டரிடம் போய், "போட்டுப் பார்த்தேன் சார், ஒத்துவரல" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஒத்துவராததன் காரணம் பெரும்பாலும் ரொம்பச் சின்னது. ஒரு பட்டை இறுக்கமாக இருக்கும், ஒரு சைஸ் மாறியிருக்கும், மூக்கு அடைத்திருக்கும். டாக்டரிடம் போய்ச் சொல்வதற்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று நாம் கூச்சப்படுகிற அளவுக்குச் சின்னது. இன்னொரு நோயாளியிடம் அந்தக் கூச்சம் வராது. "எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. நீங்க இதைப் பண்ணிப் பாருங்க" என்று அவர் சொல்லும்போது அதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் விழுங்கினால் முடிந்தது. இந்த வைத்தியம் தினமும் ராத்திரி நாமே எடுத்து முகத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியது, அதுவும் தூக்கக் கலக்கத்தில். சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. பழக்கமாகும்வரை யாராவது கூட இருக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஆதாரம் உண்டா? சும்மா ஆறுதல்தானா?

ஆதாரம் உண்டு. ஆனால் அளவோடு சொல்கிறேன். அமெரிக்காவின் டூசான் நகரில் அரிசோனா பல்கலைக்கழக மருத்துவர் சாய்ராம் பார்த்தசாரதியின் குழு, புதிதாக சீபேப் தொடங்கியவர்களை ஏற்கெனவே நன்றாகப் பயன்படுத்தும் நோயாளிகளோடு ஜோடி சேர்த்துப் பார்த்தது. நேரில் சந்திப்பும் போன் பேச்சுமாக மூன்று மாதம் நடந்தது. 2013-இல் முடிவு வெளியானது. துணை கிடைத்தவர்கள் மிஷினைக் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் அது சிறிய முன்னோட்ட ஆய்வு. கலந்துகொண்டவர்கள் 40 பேருக்கும் குறைவு.

மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பு பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டது. தொடர்ந்து ஆதரவு கிடைத்தவர்கள் ராத்திரிக்குச் சராசரியாக 40 நிமிடம்போலக் கூடுதலாக மாஸ்க் போட்டார்கள். மனப்பழக்கத்தை மாற்றும் பயிற்சிகளில் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. இந்த ஆதரவில் நர்ஸின் போன் அழைப்பு, மருத்துவமனையின் தொடர் கவனிப்பு எல்லாம் சேர்த்தி. நோயாளித் துணையை மட்டும் பிரித்து வைத்த கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சும்மா விட்டுவிடுவதைவிட யாரோ ஒருவர் தொடர்ந்து விசாரிப்பது நல்லது என்பது மட்டும் உறுதியாகத் தெரிகிறது. 40 நிமிடம்தானே என்று தள்ளிவிடாதீர்கள். மூன்று மணி நேரம் போடுகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இது எப்போது ஆரம்பித்த ஏற்பாடு?

கிட்டத்தட்ட மிஷின் வந்த கொஞ்ச காலத்திலேயே. 1980-இல் சிட்னியில் டாக்டர் காலின் சலிவன் முதன்முதலில் சீபேப் முறையைச் செய்து பார்த்தார். அடுத்த வருடம் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு முன்பு தீவிர அப்னியாவுக்கு இருந்த நம்பகமான வழி, கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயைத் திறந்துவிடுவதுதான். ஆரம்ப கால மாஸ்க்கை ஒவ்வொரு ராத்திரியும் பசை போட்டு மூக்கில் ஒட்ட வேண்டியிருந்தது. மிஷினும் பெரிசு, சத்தமும் அதிகம். அப்படிப்பட்டதைப் போட்டுத் தூங்கியவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் போனதில் ஆச்சரியம் இல்லை. 1980-களிலேயே அமெரிக்காவில் "அவேக்" என்ற பெயரில் நோயாளர் கூட்டங்கள் தொடங்கின. 1990-இல் பிறந்த அமெரிக்கன் ஸ்லீப் அப்னியா அசோசியேஷன் அவற்றை வளர்த்தது. பிரிட்டனில் ஸ்லீப் அப்னியா டிரஸ்ட் என்ற அமைப்பும் நோயாளிகளே முன்னின்று நடத்துவது.

முதல் சில நாட்களை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்?

பழக்கம் அங்கேதான் உருவாகிறது. தினமும் போடுகிறவர் யார், விட்டுவிட்டுப் போடப்போகிறவர் யார் என்பது முதல் வாரத்துக்குள்ளேயே பிரிந்துவிடுகிறது என்று 1990-களிலேயே ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதனால் துணைவர் போன் செய்ய வேண்டியது ஒரு மாதம் கழித்து இல்லை, இரண்டாம் நாள் காலை. "நேத்து எப்படிப் போச்சு?" என்று கேட்டால் போதும். கழற்றிவிட்டேன் என்று பதில் வந்தால், "சரி, எத்தனை மணிக்குக் கழற்றினீங்க, அப்ப என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். என்ன ஆச்சு என்று கேட்டால் காரணம் தானாக வெளியே வரும்.

மாஸ்க்கை முகத்தில் வைத்தாலே மூச்சு முட்டுகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. ரொம்பப் பேருக்கு இருக்கிறது. மூடிய லிஃப்டில் பயப்படுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். இதற்கு ஒரு படிப்படியான பழக்கம் உண்டு, துணை இருந்தால் சுலபமாக நடக்கும்.

பகலில் ஆரம்பியுங்கள். டி.வி. பார்க்கும்போது மாஸ்க்கைக் கையில் பிடித்து மூக்கில் வைத்துப் பாருங்கள், பட்டை வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பது கைக்குத் தெரியட்டும். அது சாதாரணமான பிறகு பட்டையை மாட்டுங்கள். அப்புறம் குழாயை இணைத்து மிஷினை ஓடவிட்டு, உட்கார்ந்தபடியே மூச்சு விடுங்கள். பிறகு பகல் தூக்கம். கடைசியில் ராத்திரி. சிலருக்கு இது இரண்டு நாள் வேலை, சிலருக்கு இரண்டு வாரம். யாரோடும் போட்டி இல்லை.

மிஷினில் ராம்ப் என்று ஒரு வசதி இருக்கும். காற்றைக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும். அதைப் பற்றிக் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் ராம்ப்பில் அழுத்தம் ரொம்பக் குறைவாக இருந்தாலும் சிலருக்குக் காற்றே போதாததுபோல இருக்கும். அப்போது டெக்னீஷியனிடம் சொல்லி அந்த ஆரம்ப அளவைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லலாம்.

நடு ராத்திரியில் கரண்ட் போனால் மூச்சடைத்துச் செத்துப்போவேனா?

மாட்டீர்கள். வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கில் ஒரு வால்வு இருக்கிறது. காற்று நின்றதும் அது திறந்து அறைக் காற்றை உள்ளே விடும். மூக்கு மாஸ்க் என்றால் வாயைத் திறந்தால் போதும். பெரும்பாலும் நீங்களே விழித்துக்கொள்வீர்கள்.

இந்தக் கேள்வியை நிறையப் பேர் டாக்டரிடம் கேட்பதே இல்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறார்கள். அதனால் புதியவரிடம் நானே முதலில் எடுத்துச் சொல்லிவிடுவது வழக்கம். சொன்னதோடு நிற்காமல், பகலில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு மிஷினை அணைத்துக் காட்டுவேன். அவரே மூச்சு விட்டுப் பார்த்துக்கொண்டால் பயம் போய்விடும்.

வீட்டு இன்வெர்ட்டரில் மிஷின் ஓடும். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் சூடேற்றுவதற்குத்தான் கரண்ட் அதிகம் போகும். பேட்டரியில் ஓடும்போது அதை அணைத்துவைத்தால் நேரம் கூடும்.

எவ்வளவு இறுக்கினாலும் காற்று கசிகிறது. என்ன செய்வது?

இறுக்குவதுதான் பல நேரம் தப்பு. எங்கள் கூட்டத்துக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். மூக்குத்தண்டில் சிவப்பாகத் தழும்பு விழுந்திருந்தது. கசிகிறது என்று ஒவ்வொரு ராத்திரியும் இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டியிருக்கிறார். எங்களில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் உண்டு. "உட்கார்ந்து பார்த்தா தெரியாது தம்பி, படுங்க" என்று பெஞ்சில் தலையணை போட்டுப் படுக்க வைத்தார். இரண்டு பக்கப் பட்டையையும் தளர்த்தினார். மிஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னால் இழுத்தார். உள்ளே இருக்கும் சிலிக்கான் மெத்தை காற்றில் உப்பி விரிந்தது. அப்படியே மெல்ல விட்டார். கண்ணோரம் இருந்த 'உஸ்' சத்தம் நின்றுபோனது. "இப்ப அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க." திரும்பினார், கசியவில்லை. ஓட்டுநர் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

மாஸ்க்கை மாட்டிப் பார்க்க வேண்டியது படுத்த நிலையில், காற்று ஓடும்போது. படுத்தால் முகத்தின் சதை நகர்கிறது, அதனால் உட்கார்ந்து எடுத்த அளவு மாறிவிடுகிறது. இன்னும் சில விஷயங்கள்: முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் சிலிக்கான் வழுக்கும், சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் போடுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கம் இருந்தால் அதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய மீசை வைத்திருப்பவருக்கு மூக்குத்துளையில் செருகும் பில்லோ வகை மாஸ்க் பெரும்பாலும் பொருந்தும். மீசையை எடுக்கச் சொன்னால் அவர் மிஷினைத்தான் எடுத்துவிடுவார்.

பெண்களுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு, இதில் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. முதலில், பெண்களுக்கு இந்த நோய் வரும் என்பதையே வீட்டில் நம்ப மாட்டார்கள். சத்தமான குறட்டைக்குப் பதில் தூக்கமின்மை, தலைவலி, ஓயாத களைப்பு என்று வெளிப்படுவது பெண்களிடம் அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு அப்னியா கூடுகிறது. அந்த வயதில் வரும் களைப்புக்கு வேறு ஏதேதோ காரணம் சொல்லி வருடங்கள் ஓடிவிடும். குறட்டை விடுகிற பெண் என்று பேர் வந்துவிடுமே என்ற கூச்சம் வேறு.

அதனால் பெண்களுக்குப் பெண்ணையே துணையாகச் சேர்ப்பது நல்லது. மூக்குத்தி மேல் மாஸ்க் உட்கார்ந்தால் கசியும், அழுத்திப் புண்ணாகும் என்பது அதை அனுபவித்த பெண்ணுக்குத்தான் சட்டென்று தோன்றும். தட்டையான சின்ன மூக்குத்திக்கு மாறுவதா, மூக்குக்கு மேலே பரவாத வேறு வகை மாஸ்க் எடுப்பதா, ராத்திரி மட்டும் கழற்றுவதா என்று அவர்களுக்குள் பேசி முடிவு செய்துவிடுவார்கள். கொண்டைக்கு மேலே பட்டை நிற்காது, தளர்வான பின்னலை ஒரு பக்கம் விட்டுக்கொண்டு போட வேண்டும் என்பதும் அப்படி வந்த யோசனைதான். இதையெல்லாம் எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

கல்யாணம் நிச்சயமான ஒரு பெண், "இந்த மாஸ்க்கோடு என்னை எப்படிப் பார்ப்பார்?" என்று கேட்டால், அதற்கு டாக்டரைவிட, கல்யாணமாகி மிஷினோடு குடும்பம் நடத்தும் இன்னொரு பெண்தான் பதில் சொல்ல முடியும்.

ராத்திரி எத்தனை மணி நேரம் போட வேண்டும்?

தூங்கும் நேரம் முழுக்க. நாலு மணி நேரம் போதும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது அமெரிக்க மெடிகேர் காப்பீட்டின் அளவுகோல்: முதல் மூன்று மாதத்தில், தொடர்ந்து 30 நாளில் 70 சதவீத இரவுகளாவது நாலு மணி நேரம் போட்டிருந்தால் மிஷினுக்குத் தொடர்ந்து பணம் தருவார்கள். உடம்புக்கு அவ்வளவு போதும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கனவு காணும் தூக்கம் ராத்திரியின் பிற்பாதியில்தான் அதிகம். அப்போது தசைகள் இன்னும் தளர்வதால் பலருக்கு அடைப்பும் மோசமாகும். மூன்று மணிக்குக் கழற்றுகிறவர் அந்த நேரத்தைத்தான் இழக்கிறார். பாத்ரூம் போய்விட்டு வந்து திரும்ப மாட்டாமல் படுத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். மாஸ்க்கை முகத்திலேயே விட்டுவிட்டுக் குழாயை மட்டும் கழற்றிவிட்டுப் போய் வாருங்கள்.

அதற்காக, இரண்டு மணி நேரம் போட்டவரிடம் "இவ்வளவுதானா?" என்று கேட்கக் கூடாது. நேற்று ஒன்றரை என்றால் இன்று இரண்டு என்பது முன்னேற்றம்.

வாய் காய்கிறது, வயிறு உப்புகிறது, மூக்கு அடைக்கிறது. துணைவரிடம் கேட்கலாமா?

கேளுங்கள், ஒரு எல்லைவரைக்கும். வாய் காய்ந்தால் பெரும்பாலும் வாய்வழியே காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். ஹியூமிடிஃபையர் அளவைக் கூட்டிப் பார்ப்பது, மாஸ்க் வகையை மாற்றுவது பற்றிப் பேசலாம். ஏ.சி. அறையில் குழாய்க்குள் தண்ணீர் கோத்து முகத்தில் சொட்டினால், குழாய்க்குத் துணி உறை போடலாம். மூக்கடைப்புக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பலருக்கு உதவுகிறது, ஆனால் கொதித்து ஆறிய தண்ணீராக இருக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டர். காற்றை விழுங்கி வயிறு உப்புவது அழுத்தத்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

துணைவர் என் மிஷினில் அழுத்தத்தை மாற்றித் தரலாமா?

கூடாது. அவருக்குத் தெரிந்திருந்தாலும் கூடாது. உங்கள் அழுத்தம் உங்கள் ஸ்லீப் ஸ்டடியில் இருந்து வந்தது. இதயமோ நுரையீரலோ பலவீனமாக இருப்பவருக்கு, மூளை மூச்சுக்குக் கட்டளை தராத வகை அப்னியா இருப்பவருக்கு, தவறான மாற்றம் கெடுதல் செய்யும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

தரையில் பாய் போட்டுப் படுக்கிறவன் நான். மிஷினை எங்கே வைப்பது?

மிஷினையும் தரையிலேயே வைத்தால் தூசியை இழுக்கும். தாழ்வான பலகை மேல் வையுங்கள், ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். ஹியூமிடிஃபையரில் தண்ணீர் இருப்பதால் உங்கள் தலையைவிட உயரத்தில் வைக்க வேண்டாம், தண்ணீர் குழாய் வழியாக முகத்துக்கு வந்துவிடும். தலைமாட்டில் ஒரு தலையணையைக் கூட்டிக்கொண்டால் இரண்டும் சரியாகும். கொசுவலைக்குள் குழாயைக் கால்மாட்டில் விடாமல் தலைமாட்டு வழியாக விடுங்கள்.

தண்ணீர் டிஸ்டில்ட் வாட்டராக இருக்கட்டும். போர் தண்ணீர் ஊற்றினால் தொட்டியில் உப்பு படியும். பேட்டரிக்கு என்று விற்பதை வாங்காதீர்கள். மருந்துக் கடையில் கேளுங்கள். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டிவிடுங்கள்.

வெளியூர் போனால்?

மிஷினும் கூட வர வேண்டும். விமானத்தில் கைப்பையோடு எடுத்துப் போங்கள், தொட்டியில் தண்ணீர் இல்லாமல். டாக்டரின் கடிதம் ஒன்று கையில் இருந்தால் கேள்வி வராது. ரயிலில் பெட்டியின் சார்ஜிங் பாயின்ட்டை நம்ப வேண்டாம், ராத்திரியில் அதை நிறுத்திவிடுவதும் உண்டு. தனி பேட்டரி இருந்தால் நல்லது.

வீட்டில் இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

முதல் வாரம் கிண்டல் வேண்டாம். விண்வெளி வீரர், யானை என்று குழந்தைகள் சொல்லத்தான் செய்வார்கள், பெரியவர்கள் அதில் சேர வேண்டாம். கண்காணிப்பும் வேண்டாம். "மாஸ்க் போட்டீங்களா, போட்டீங்களா" என்று மனைவி பத்து முறை கேட்டால், அது மாமியார் மருமகள் சண்டைபோலத் தினசரிச் சண்டையாகிவிடும். அதற்குப் பதிலாக, தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைப்பது, மாஸ்க்கைக் காலையில் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுவது போன்ற ஒரு சின்ன வேலையை அவர் ஏற்றுக்கொள்ளலாம்.

கூட்டத்துக்குக் கணவன் மனைவி இருவரும் வருவது நல்லது. மூச்சு நின்றதைப் பார்த்துப் பயந்து, ராத்திரியில் விழித்திருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்த மனைவிகள் எத்தனையோ பேர். மிஷின் வந்த பிறகுதான் அவர்களும் தூங்குகிறார்கள். அவர்களுக்கும் பேச ஆள் வேண்டும்.

ஒருவர் உடம்பைக் குறைத்து மிஷினை விட்டுவிட்டாராம். இன்னொருவர் ஊசி போட்டுக்கொள்கிறாராம். நானும் அப்படிச் செய்யலாமா?

எடை குறைந்தால் அப்னியா குறையும், உண்மை. உடல் பருமனோடு நடுத்தர அல்லது தீவிர அப்னியா இருப்பவர்களுக்கு எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை, அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில் அனுமதித்ததும் உண்மை. தொண்டை, நாக்குத் தசைகளுக்கான பயிற்சிகளால் ஓரளவு பலன் கிடைத்ததாக ஆய்வுகள் சொல்வதும் உண்மை. ஆனால் விட்டுவிடலாமா என்பதை மறுபடி எடுக்கும் ஸ்லீப் ஸ்டடிதான் சொல்ல வேண்டும். குறட்டை நின்றுவிட்டது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. நல்ல துணைவர் தன் கதையைச் சொல்லுவார், அதை உங்களுக்கு மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுக்க மாட்டார்.

குழுவில் ஒருவர் பழைய மிஷினைக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

எடுத்தவுடன் வாங்காதீர்கள். மாடலும் சீரியல் எண்ணும் கேளுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சீபேப் மிஷின்கள், பைபேப் (மூச்சை இழுக்க ஒரு அழுத்தம், விட ஒரு அழுத்தம் தருவது) மிஷின்கள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்திருந்த நுரை சிதைந்து காற்றோடு வரலாம் என்பது காரணம். அப்படிப்பட்ட மிஷின் கைமாறிக் கைமாறி உங்களிடம் வரக்கூடும். பட்டியலில் இல்லாத மிஷின் என்றாலும், டெக்னீஷியனிடம் காட்டி உங்கள் அழுத்தத்தை வைக்கச் சொல்லித்தான் போட வேண்டும். மாஸ்க், குழாய், ஃபில்டர் மூன்றும் புதிதாக இருக்கட்டும்.

துணைவர் என்று சொல்லிக்கொண்டு ஒரே பிராண்டை, ஒரே கடையை மட்டும் சொல்கிறவரிடம் கவனமாக இருங்கள். கமிஷன் வாங்குகிறவர் துணைவராக இருக்க முடியாது.

துணையும் இருந்தது, மாஸ்க்கும் சரி. இன்னமும் முடியவில்லை. என் மேல்தான் தப்பா?

உங்கள் மேல் தப்பே இல்லை. அப்னியாவோடு தூக்கமின்மையும் சேர்ந்து இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தூக்கமின்மைக்கான தனிச் சிகிச்சையும் வேண்டும். மனச்சோர்வு இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். சீபேப் ஒத்துவராத சிலருக்குக் கீழ்த்தாடையை முன்னுக்கு வைக்கும் வாய்க் கருவி, பைபேப், அறுவை சிகிச்சை என்று வேறு வழிகளும் உண்டு. டாக்டரிடம் போய் "போடவே முடியவில்லை" என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் துணைவரையும் கூட்டிப் போங்கள்.

மாஸ்க் போட்டும் வண்டி ஓட்டும்போது கண் செருகினால், ஓட்டுவதை நிறுத்திவிட்டு அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு இருந்தால் துணைவருக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லையே. எங்கே தேடுவது?

ஸ்லீப் ஸ்டடி எடுத்த இடத்திலேயே கேளுங்கள். "நன்றாகப் பழகிவிட்ட ஒருவரிடம் பேச வேண்டும், அவருக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்று டெக்னீஷியனிடம் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் எண்ணை நீங்கள் கேட்டால் தர மாட்டார்கள், தரவும் கூடாது. மூன்று பேர் சேர்ந்தால் கூட்டம்தான். வாட்ஸ்ஆப் குழு வைத்தாலும் சரி, ஆனால் நூறு பேர் சேர்ந்த குழுவில் வணக்கப் படங்களுக்கு நடுவே புதியவரின் கேள்வி மூழ்கிப்போகும். புதியவர் ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக ஒருவர் பெயர் இருக்க வேண்டும்.

எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. நானும் துணையாக இருக்கலாமா?

தாராளமாக. சில மாதங்களாவது விடாமல் போட்டுப் பழகியிருங்கள். உங்கள் மாஸ்க்தான் உலகத்திலேயே சிறந்தது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், உங்கள் மூக்கு வேறு, அவர் மூக்கு வேறு. முதல் வாரம் தினமும், அப்புறம் வாரம் ஒருமுறை என்று அழைக்கும் நேரத்தை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிவாக்கில் பேசுவது நல்லது. ராத்திரி நடந்தது அப்போதும் நினைவில் இருக்கும், அன்றைய ராத்திரிக்கு ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் கடை திறந்திருக்கும்.

அவர் சொல்வதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள், அவர் வீட்டாரிடமும்தான். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் மிஷினை விட்டுவிட்டால், ஒரு முறை அழைத்து, "எப்ப வேணும்னாலும் திரும்ப ஆரம்பிக்கலாம், என் நம்பர் மாறாது" என்று சொல்லிவிடுங்கள். மாதங்கள் கழித்துக்கூடத் திரும்பி அழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு மறுபடி பகல் டி.வி. நேரத்திலிருந்து தொடங்குங்கள், பழைய மாஸ்க் பிசுபிசுத்துப் போயிருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.